அரமும் ஆசும்: ஆழ அராவிய சாவியைத் திருத்தும் மரபு

முன்னுரை

கைத்தொழில்களின் வரலாற்றை எழுதுவோர் பொருள் எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதையே பெரிதும் பேசுவர். செய்யும்போது நேர்ந்த பிழை எவ்வாறு திருத்தப்பட்டது என்பது பெரும்பாலும் பதிவு பெறுவதில்லை. ஆயினும் ஒரு தொழிலின் நுட்ப அறிவு மிகுதியாக வெளிப்படும் இடம் திருத்தமே ஆகும். இக்கருத்திற்குத் தக்க சான்றாக அமைவது, அளவுக்கு மேல் அராவப்பட்ட சாவி. குறைவாக அராவிய சாவியை மேலும் அராவிச் சரிசெய்யலாம். ஆழமாக அராவிவிட்ட சாவிக்கு அரத்தால் மருந்தில்லை. அரம் எடுக்குமேயன்றிக் கொடுக்காது. இப்பிழையைத் தொழிலாளர் எவ்வாறு எதிர்கொண்டனர், அதற்குரிய சொற்களைத் தமிழ் எங்கெங்குப் பாதுகாத்து வைத்துள்ளது என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பூட்டுத் தொழிற்சாலையும் தெருவோரச் சாவித் தொழிலும் ஒருங்கே வளர்ந்த மும்பை நகரமும், அங்குத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் தமிழரின் வழக்கும், கைப்பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லும் இவ்வாய்விற்குக் களங்களாக அமைகின்றன.

சாவி என்னும் சொல்

தமிழில் அடைப்புக் கருவிகளைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பல. கதவின் குறுக்கே இடப்படும் மரத்தைக் கணையம் என்றும் எழு என்றும் பண்டைய நூல்கள் வழங்கும். தாழ் என்னும் சொல் திருக்குறளின் 71ஆம் பாடலில் அன்பை அடைக்கவியலாத கருவியின் பெயராக இடம்பெறுகிறது. தாழைத் திறக்கும் கோல் தாழக்கோல் எனப்பட்டது. மலையாளத்தில் இன்றும் சாவியைக் குறிக்கும் தாக்கோல் என்னும் சொல் இதனோடு ஒப்பிடத்தக்கது. திறவுகோல் என்பது செயலடியாகப் பிறந்த பெயர். யாழ்ப்பாணத் தமிழில் திறப்பு என்பதே சாவிக்குரிய இயல்பான சொல்லாகும். பூட்டு என்னும் சொல்லோ பிணைத்தற்பொருளில் ஏர் பூட்டுதல், தேர் பூட்டுதல், நாண் பூட்டுதல் என வழங்கிப் பின்னர்க் கதவுக்குரிய கருவியின் பெயராக நிலைபெற்றது.

இத்தனை சொற்கள் இருப்பவும் தமிழகத்தின் பேச்சு வழக்கில் வேரூன்றியது சாவி என்னும் சொல். இது போர்த்துக்கீசிய மொழியின் ஷாவெ என்னும் சொல்லின் வழி வந்தது என்பது அறிஞர் பலரும் ஏற்ற கருத்தாகும். அலமாரி, சன்னல், மேசை ஆகியனவும் அம்மொழியிலிருந்து வந்தவையே. இவற்றுள் அலமாரி, சன்னல், சாவி ஆகிய மூன்றும் திறந்து மூடும் தன்மையொடு தொடர்புடையன என்பது நோக்கத்தக்கது. புதிய அறைகலன்களோடும் புதிய கதவமைப்போடும் இச்சொற்கள் ஒருசேர வந்திருத்தல் கூடும். கதிர் முற்றாது பதராய்ப் போன பயிரைக் குறிக்கும் சாவி என்னும் தமிழ்ச் சொல் இதனின் வேறானது.

மும்பைத் தமிழ் குறித்துப் பேசுவோருள் சிலர், அங்குள்ள தமிழர் சாவி என வழங்குவது மராத்தியின் தாக்கம் எனக் கருதுவதுண்டு. மராத்தியிலும் குசராத்தியிலும் சாவி என்றும் இந்தியில் சாபி என்றும் இச்சொல் வழங்குவதே அதற்குக் காரணம். வரலாறு வேறு விடை தருகிறது. 1534ஆம் ஆண்டு வசாய் உடன்படிக்கையின்படி பம்பாய்த் தீவுகள் போர்த்துக்கீசியர் கைக்கு மாறின. 1661ஆம் ஆண்டின் திருமண உடன்படிக்கையே அவற்றை ஆங்கிலேயர்க்கு உரியவாக்கியது. அதே காலப்பகுதியில் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கடற்கரையிலும் போர்த்துக்கீசியர் நிலைகொண்டிருந்தனர். அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சேறியதும், புரோயன்சாவின் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறியதும் அவ்வுறவின் ஆழத்தைக் காட்டுவன. ஆகவே மேற்குக் கரையும் தென்கிழக்குக் கரையும் ஒரே மூலத்திலிருந்து இச்சொல்லைத் தனித்தனியே பெற்றன எனக் கொள்வதே பொருத்தமாகும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியில் குடியேறியோர் சாவி என்னும் சொல்லை ஊரிலிருந்தே கொண்டுசென்றனர். சென்ற இடத்தில் அதன் உடன்பிறப்பைக் கண்டனர். பூட்டைக் குறிக்கும் சொல்லில் இவ்வொற்றுமை இல்லை. மராத்தியின் குலூப் என்பது குஃப்ல் என்னும் அரபுச் சொல்லின் வழியது. இந்தியின் தாலா என்பது வடமொழித் தாலத்தின் வழியது. அதனைத் திராவிடத் தாழ் என்னும் சொல்லோடு சொற்பிறப்பியலார் ஒப்பிட்டு நோக்குவர்.

மிகை எப்போது பிழையாயிற்று?

சாவியை ஆழமாக அராவுதல் எல்லாக் காலத்தும் ஒரே பொருளுடையதாக இருந்ததில்லை. ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய பூட்டு தடைப்பூட்டு ஆகும். அதனுள் நிலையான தகட்டுத் தடைகள் அமைந்திருக்கும். அத்தடைகள் புகுந்து செல்லுமாறு சாவியின் பல்லில் இடைவெளிகள் வெட்டப்படும். இவ்வமைப்பில் இடைவெளி வேண்டிய அளவினும் ஆழமாக அமைந்தாலும் சாவி தடையின்றிச் சுழலும். அதன் வலிமை மட்டுமே குறையும். பல்லின் பெரும்பகுதியை அராவி நீக்கி, நுனியில் சிறிது உலோகம் மட்டும் எஞ்சுமாறு செய்தால் அது பல பூட்டுகளைத் திறக்கும் பொதுச் சாவியாகிவிடும். அதாவது, தடைப்பூட்டின் காலத்தில் மிகையாக அராவிய சாவி கெட்ட சாவியன்று. எல்லை கடந்த ஆற்றலுடைய சாவி. கள்ளச்சாவி என மக்கள் அஞ்சியவற்றுள் இதுவும் ஒன்று.

இந்நிலையை மாற்றியது நெம்புப் பூட்டு. தாழைத் தடுத்து நிற்கும் நெம்பைச் சாவி உயர்த்தினால் தாழ் நகரும் என்பது இதன் அடிப்படை. தொடக்கத்தில் நெம்பு போதிய உயரத்திற்கு மேல் எவ்வளவு உயர்ந்தாலும் பூட்டுத் திறந்தது. 1778ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இராபர்ட் பாரன் காப்புரிமை பெற்ற அமைப்பில், நெம்பு குறைவாக உயர்ந்தாலும் மிகையாக உயர்ந்தாலும் தாழ் நகராது. நெம்பில் வெட்டப்பட்ட வாயில், தாழிலுள்ள முளைக்கு நேராக நின்றால் மட்டுமே வழி கிடைக்கும். 1818ஆம் ஆண்டு செரமையா சப் உருவாக்கிய பூட்டு ஒருபடி மேலே சென்றது. பொருந்தாச் சாவி ஒன்று நெம்பை அளவுக்கு மேல் உயர்த்தினால் அப்பூட்டு இறுகிக்கொள்ளும்; யாரோ திறக்க முயன்றுள்ளார் என்பதை உரியவர் அறிந்துகொள்வார். 1861, 1865ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் இலைனசு யேல் என்பார் பெற்ற காப்புரிமைகளால் தட்டைச் சாவியும் ஊசிப்பூட்டும் பரவின. இதில் சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஓர் ஊசியைத் தாங்கி உயர்த்தும். ஊசிகள் அனைத்தும் ஒரே பிரிகோட்டில் வந்து நிற்கும்போது உருளை சுழலும். ஒரு வெட்டுநிலைக்கும் அடுத்த வெட்டுநிலைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலான பூட்டுகளில் அரை மில்லிமீட்டரை ஒட்டியதே ஆகும். அதனினும் சிறிய பிழையே பூட்டைத் திறவாமற் செய்யப் போதுமானது.

இப்புதிய அமைப்புகளில் இருவகைப் பிழைகளும் பூட்டுக்கு ஒன்றே, பூட்டுத் திறவாது. தொழிலாளிக்கோ அவை ஒன்றல்ல. குறைவாக அராவிய சாவி நெம்பை மிகையாக உயர்த்தும். அதனை இன்னும் இரண்டு இழுப்பு அராவினால் சரியாகிவிடும். ஆழமாக அராவிய சாவி நெம்பை எட்டியும் எட்டாமலும் நிற்கும். அதன் குறையை அரத்தால் நிரப்ப இயலாது. ஒன்று முடிவுறாத வேலை. மற்றது முடிந்து கெட்ட வேலை. தேர்ந்த சாவித் தொழிலாளர் சற்றுக் குறைவாக அராவிப் பூட்டில் இட்டுப் பார்த்து மீண்டும் அராவும் வழக்கம் இவ்வேறுபாட்டிலிருந்தே பிறந்தது. காலத்தை வீணாக்குவது போலத் தோன்றும் அவ்வழக்கம் உண்மையில் உலோகத்தைக் காக்கும் வழக்கமாகும்.

குறள் காட்டும் அரம்

அரத்தின் இவ்வியல்பைத் தமிழ் இலக்கியம் நன்கு அறிந்திருந்தது. திருக்குறளில் அரம் மூன்று இடங்களில் உவமையாகவோ உருவகமாகவோ வருகிறது. 567ஆம் குறள் கடுஞ்சொல்லையும் அளவு கடந்த தண்டனையையும் வேந்தனின் வலிமையைத் தேய்க்கும் அரமாகக் கூறும். 888ஆம் குறள் உட்பகை கொண்ட குடி அரத்தால் அராவப்பட்ட உலோகம் போலத் தேய்ந்து வலி குன்றும் என்னும். 997ஆம் குறள் அரத்தின் கூர்மையை அறிவின் கூர்மைக்கு உவமையாக்கி, மக்கட்பண்பு இல்லாதவழி அதனால் பயனில்லை என உரைக்கும்.

இம்மூன்றனுள் முதலிரண்டும் இங்குச் சிறப்பாக எண்ணத்தக்கவை. வாள் வெட்டும், தீ எரிக்கும், அரமோ சிறிது சிறிதாக எடுக்கும். எடுக்கப்படும் துகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குப் பொருட்டாகத் தோன்றாது. குறைந்தது தெரியவரும்போது குறைந்தது மீளாத நிலை வந்திருக்கும். 567ஆம் குறளில் தண்டனைக்குத் தரப்பட்டுள்ள அடை, அது எல்லை கடந்தது என்பதாகும். தண்டனை கூடாது என்பது குறளின் கருத்தன்று. அளவு கடந்த தண்டனையே அரமாகிறது. கொல்லன் பட்டறையில் அரம் பகைக் கருவியன்று. அது வேண்டிய இடத்தில் நிற்காதபோதே பகையாகிறது. குறளாசிரியர் கைத்தொழிலின் நுண்மையை அறிந்து இவ்வுருவகத்தைத் தேர்ந்துள்ளார் என்பது இதனால் புலனாகிறது.

திருத்தும் வழிகள்

ஆழமாக அராவிவிட்ட சாவியைத் திருத்த நான்கு வழிகள் உள்ளன. அவற்றை எளிமையிலிருந்து அருமை நோக்கி வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, அதனைக் கைவிட்டுப் புதிய அச்சில் மீண்டும் வெட்டுதல். சாவி வெட்டும் பொறி பரவிய பின்னர் இதுவே பெருவழக்காயிற்று. இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பொறியின் ஊசி மூலச் சாவியைத் தடவிச் செல்ல, வெட்டும் சக்கரம் அதே வடிவைப் புதிய அச்சில் பொறிக்கும். மூலச் சாவி தேய்ந்ததாயின் தேய்மானமும் படியெடுக்கப்படும். நகலிலிருந்து நகல் எடுக்குந்தோறும் வெட்டு மேலும் ஆழமாகக்கூடும். சுவடிகளைப் படியெடுத்தோர் பிழையையும் சேர்த்துப் படியெடுத்த வரலாற்றை அறிந்த தமிழாய்வாளர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. எனவே கெட்ட சாவிக்கு மாற்று, அதற்கு முந்திய நல்ல சாவியிலிருந்தோ பூட்டுக்குரிய எண்குறியிலிருந்தோ எடுக்கப்படுதல் வேண்டும்.

இரண்டாவது, தட்டி எழுப்புதல். பித்தளை நெகிழ்வுடைய உலோகம். ஆழமான வெட்டின் அருகே சிறு சுத்தியாலோ மழுங்கிய உளியாலோ மெல்லத் தட்டினால் பக்கத்து உலோகம் வெட்டின் பக்கம் ஒதுங்கிச் சற்று உயரும். பின்னர் மெல்லிய அரத்தால் ஒப்பமாக்குவர். மயிரிழை அளவுப் பிழைக்கே இது பயன்படும். தட்டிய இடம் மெலிந்து அகலுமாதலால் சாவித்துளையில் அது சிக்கவும் கூடும். ஆதலின் பக்கத்தையும் ஒப்பமாக்க நேரும்.

மூன்றாவது, பூட்டைச் சாவிக்கு இணங்கச் செய்தல். ஊசிப்பூட்டாயின் உரிய ஊசியை எடுத்துவிட்டுச் சற்று நீண்ட ஊசியை இடலாம். பூட்டு முன்போலவே காவல் தரும். ஆனால் வீட்டிலுள்ள மற்றச் சாவிகள் அனைத்தும் அக்கணமே பயனற்றுப்போகும். ஒரே அறையின் சாவி மூவர் நால்வர் கையில் இருக்கும் குடியிருப்புகளில் இது சிறு செய்தியன்று. நெம்புப் பூட்டாயின் நெம்பின் வாயிலை அராவி அகலமாக்கும் குறுக்கு வழி ஒன்றுண்டு. இது சாவியில் நேர்ந்த மிகையைப் பூட்டுக்கு மாற்றுவதாகும். வாயில் அகன்ற நெம்பு தன் சாவிக்கு மட்டுமன்றி அதனை ஒத்த பிற சாவிகளுக்கும் வழிவிடும். பூட்டுத் திறந்தமையால் உரியவர் மகிழ்வார். காவல் குறைந்ததை அறியார். திருத்தம் என்னும் பெயரால் நிகழும் இரண்டாம் பிழை இதுவே.

நான்காவது, குறைந்த இடத்தில் உலோகத்தைச் சேர்த்து மீண்டும் அராவுதல். வெட்டின் அடியைத் தூய்மையாக்கி, வெண்காரம் இட்டு, பித்தளையோ வெள்ளி கலந்த பற்றுலோகமோ வைத்து ஊதி உருக்கி நிரப்புவர். ஆறிய பின் புதிதாக அளவு பார்த்து அராவுவர். ஈயப்பற்று எளிதில் உருகுமாயினும் மென்மையானது. நாள்தோறும் ஊசியிலும் நெம்பிலும் உரசும் இடத்தில் விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே வன்பற்றே இங்கு ஏற்றது. இவ்வழியில் சாவி சூடேறித் தன் விறைப்பைச் சற்று இழக்கும் என்பதும் கருதத்தக்கது. மாற்று அச்சு கிடைக்காத பழஞ்சாவிகளுக்கும், பெரிய இரும்புச் சாவிகளுக்கும் இதுவே உற்ற வழியாகும்.

ஆசு

நான்காம் வழியிற் சேர்க்கப்படும் உலோகத்திற்குத் தமிழில் பற்றாசு என்று பெயர். ஆசு என்றும் வழங்கும். இச்சொல் தமிழ் கற்றோர்க்குக் கொல்லன் பட்டறையிலிருந்து அன்றி யாப்பிலக்கணத்திலிருந்தே அறிமுகமாகிறது. நேரிசை வெண்பாவின் வகைகளுள் ஒன்று ஆசிடை நேரிசை வெண்பா. முதற்குறளின் இறுதியோடு தனிச்சொல் நேரே பொருந்தாதவழி, இடையில் ஓரசையோ ஈரசையோ கூட்டி ஓசையை நிரப்புவர். அவ்வாறு கூட்டப்படும் அசையே ஆசு. உலோகத்தோடு உலோகத்தைப் பொருத்தும் தொழிலாளர் இடையில் வைக்கும் பற்றாசு போன்றது என்பது இப்பெயர்க்கு உரைமரபு தரும் விளக்கமாகும்.

இலக்கணம் தன் கலைச்சொல்லைத் தொழிலாளரிடமிருந்து பெற்றது என்பதோடு இச்செய்தி முடிந்துவிடுவதில்லை. ஆசு இடுவதை யாப்பிலக்கணம் பிழையாகக் கருதவில்லை. வெண்பாவின் ஏற்கப்பட்ட ஒரு வகையாகவே வைத்துப் பெயரும் இட்டுள்ளது. நிரப்பப்பட்டது நிரப்பப்பட்டதாகவே அறியப்படுகிறது, மறைக்கப்படுவதில்லை. ஆசு என்னும் வடிவம் தமிழில் குற்றம் என்னும் பொருளிலும் வழங்குகிறது. இரண்டும் ஒரு சொல்லே என்று கொள்வதற்கு இடமில்லை. எனினும் குற்றத்தின் பெயரும் அதனை நிரப்பும் பொருளின் பெயரும் ஒலியால் ஒன்றாக நிற்பது, அரம் எடுத்ததை ஆசு ஈடுசெய்யும் இத்தொழிலை எண்ணும்போது கருத்தைக் கவர்கிறது.

மூன்று பட்டறைகள்

மிகை அராவலுக்கு எவ்வழியைக் கைக்கொள்வது என்பது தொழிலாளியின் திறத்தை மட்டும் பொறுத்ததன்று. அவர் நிற்கும் இடத்தையும் பொறுத்தது. இதனைத் திண்டுக்கல் பட்டறை, பம்பாய்த் தொழிற்சாலை, மும்பைத் தெருவோரம் என்னும் மூன்று இடங்களைக் கொண்டு விளக்கலாம்.

திண்டுக்கல் பூட்டு நெம்புப் பூட்டுகளுக்கும் கைவேலைக்கும் பெயர்பெற்றது. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு, நவதால் எனப் பல வகைகள் அங்கு உருவாயின. பூட்டுத் தொழிலாளர்க்கான கூட்டுறவுச் சங்கமும் அங்கு உண்டு. 2019ஆம் ஆண்டு திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடு பெற்றது. கைப்பட்டறையில் சாவியும் நெம்புகளும் ஒன்றையொன்று பார்த்தே பொருத்தப்படுகின்றன. ஆதலால் பூட்டு மூடப்படுவதற்கு முன் சாவியின் ஒரு பல் சற்று ஆழமாகிவிட்டால், நெம்பை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள இயலும். பிழை அங்கே அப்பூட்டின் தனி இயல்பாகிவிடுகிறது. பிற சாவியால் திறவாத பூட்டு என்னும் புகழுக்கு இத்தனித்தன்மையும் ஒரு காரணமாகும்.

பம்பாயில் ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1897ஆம் ஆண்டு லால்பாகில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். நகரில் கன்னக்களவு பெருகிய செய்தியே அவரைத் தூண்டியது என்பர். பிற்காலத்தில் அந்நிறுவனம் செம்பூருக்கு வடக்கேயுள்ள விக்ரோலியில் பெருந்தொழிற்சாலைகளை அமைத்தது. இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலுக்குரிய வாக்குப்பெட்டிகள் பெருந்தொகையாக அங்கு உருவாக்கப்பட்டன. தொழிற்சாலை முறையில் வெட்டின் ஆழம் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. எண் இருக்கும்வரை கெட்ட சாவி ஒரு பொருட்டன்று. அதனை எறிந்துவிட்டு எண்ணின்படி வேறொன்று வெட்டப்படும். இங்குப் பிழைக்கு விடை திருத்தமன்று, மாற்றீடு. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பூட்டு ஒன்றின் பெயரும் நவதால் என்பதே. அப்பெயர் திண்டுக்கல் பட்டறையின் வகைப்பெயராகவும் வழங்குவது தொழிற்சாலையும் கைப்பட்டறையும் தனித்தனி உலகங்கள் அல்ல என்பதைக் காட்டும்.

மூன்றாம் இடம் தெருவோரம். மும்பையில் சாவிவாலா எனப்படும் தொழிலாளர் தொடர்வண்டி நிலையங்களின் அருகிலும் சந்தைத் தெருக்களிலும் சாவிக்கொத்துகளைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பது நகரின் பழகிய காட்சி. மராட்டியப் பகுதியில் சிக்லிகர் சமூகத்தாருள் பலர் இத்தொழிலை மேற்கொண்டுள்ளனர். படைக்கருவிகளுக்கு மெருகேற்றும் தொழிலைக் குறிக்கும் சொல்லே அச்சமூகத்தின் பெயராயிற்று. அரமும் மெருகும் அறிந்த கைகள் வாள் மறைந்த காலத்தில் சாவியைப் பற்றிக்கொண்டன எனலாம்.

தெருவோரத் தொழிலாளியிடம் திண்டுக்கல் பட்டறையைப் போல மாற்றியமைக்கத்தக்க நெம்பும் இல்லை. விக்ரோலியைப் போல எண்குறியும் இல்லை. பூட்டிய கதவும், காத்து நிற்கும் குடும்பமும், ஒரு கெட்ட சாவியுமே அவர்முன் உள்ளன. தட்டி எழுப்புதலும் பற்றாசு இடுதலும் இன்றியமையாதனவாக நிலைபெறும் இடம் இதுவே. மும்பைத் தமிழரின் குடியிருப்பு வரலாற்றை இதனோடு இணைத்து நோக்குதல் வேண்டும். 1896ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளையின் திட்டத்தால் தாதர், மாட்டுங்கா பகுதிகள் உருவாயின. அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் அடுக்குமாடி வீடுகளில் கதவினுள் பதிக்கும் பூட்டுகள் இடம்பெற்றன. தாராவியின் சிற்றறைகளில் நாதாங்கியில் மாட்டும் தொங்குபூட்டே காவல். முன்னதற்கு மாற்று அச்சு அருமை. பின்னதற்குப் புதுப்பூட்டு வாங்கும் செலவே சுமை. இருசாரார்க்கும் கெட்ட சாவியைத் திருத்தித் தருபவர் தேவைப்பட்டார், காரணங்கள்தாம் வேறு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகள் புலனாகின்றன. ஆழ அராவுதல் என்னும் பிழை பூட்டின் வரலாற்றோடு பொருள் மாறியது. தடைப்பூட்டில் அது கள்ளச்சாவியின் ஆற்றல். நெம்புப் பூட்டிலும் ஊசிப்பூட்டிலும் அது பயனிழப்பு. கைப்பட்டறை அப்பிழையை ஏற்றுத் தன்னை மாற்றிக்கொள்கிறது. தொழிற்சாலை அதனை எறிந்துவிடுகிறது. தெருவோரத் தொழில் மட்டுமே அதனை நிரப்பித் திருத்துகிறது. சாவி என்னும் சொல் மும்பைத் தமிழர்க்கு மராத்தி தந்த கடனன்று. இரு கரைகளும் ஒரே காலப்பகுதியில் பெற்ற பொதுச்செல்வம்.

இவற்றுள் இன்று இடர்ப்பட்டு நிற்பது மூன்றாம் பட்டறையின் அறிவு. எண்குறிப் பூட்டுகளும் மின்னணுப் பூட்டுகளும் பரவி வருகின்றன. பல ஆண்டுகளாகத் திட்ட அளவில் இருந்த தாராவி மறுசீரமைப்புக்கு 2022ஆம் ஆண்டு ஏலத்தில் நிறுவனம் தேர்வு செய்யப்பட்டு, 2023இல் அரசின் ஒப்புதலும் கிடைத்தது. குடியிருப்பு மாறும்போது கதவும் பூட்டும் மாறும். அவற்றைச் சார்ந்த தெருவோரத் தொழில்களும் இடம்பெயரும். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தொழிற்சொற்கள் பலவற்றைக் காத்துத் தந்தது. அதன்பின் நெம்புப் பூட்டும் ஊசிப்பூட்டும் தமிழர் நாவில் உண்டாக்கிய சொற்கள் தொகுக்கப்படுதல் வேண்டும். திண்டுக்கல்லிலும் தாராவியிலும் அரம் பிடித்த தலைமுறை இருக்கும்போதே அப்பணி நடைபெறுதல் நலம். யாப்பிலக்கண ஆசிரியர்கள் கொல்லனின் சொல்லைக் கேட்டு ஏற்றதனால்தான் ஆசு என்னும் சொல் இன்றும் வகுப்பறைகளில் வாழ்கிறது. கேளாது விட்ட சொற்கள் அராவி உதிர்ந்த துகள் போன்றவை. அவற்றை மீட்டு வைக்க எந்த ஆசும் பின்னர் உதவாது.